மாவீரருக்கு நாம் செய்யும் மரியாதை

ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்கு நாம் செய்கிற மரியாதையை வேறெந்த நாட்டாரும் தங்கள் வீரருக்குச் செய்ததில்லை. அமெரிக்காவில் ஆங்கிலேயப் படையைச் சதுப்புக் காட்டுக்குள் இழுத்து இழுத்து அடித்தவர் பிரான்சிஸ் மாரியன். அவர் பெயரை ஊர்களுக்கும் ஒரு காட்டுக்கும் வைத்ததோடு அங்கே வேலையை முடித்துக்கொண்டார்கள். வீரர் பிறந்தநாளுக்குத் தடையுத்தரவு போடுமளவுக்கு அவர்களுக்குப் பக்தி முற்றவில்லை, பாவம்.

நமக்கு முற்றியிருக்கிறது. தேவர் பிறந்தநாளான செப்டம்பர் 1 நெருங்கினால் தென்காசி மாவட்டத்துக்கே 144. சட்டம் மாறியபின் அது 163. வாடகை வேன் கூடாது, கம்பு கூடாது, கத்தி கூடாது. கேரள எல்லைப் புளியறைச் சோதனைச்சாவடியில் மற்ற நாளெல்லாம் காய்கறி லாரியையும் ஜல்லி லாரியையும்தான் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். அந்த வாரம் கொடி கட்டிய வண்டிக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. வண்டியில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸைப் பார்க்க வேண்டும். தேவர் மேல் மூலையில் ரூபாய் நோட்டு அகலத்தில் இருப்பார். மீதி இடமெல்லாம் வாழ்த்துவோர், அவரவர் மீசையோடு.

எங்கள் புளியறைப் பக்கத்துக்கும் தேவர் கதையில் ஒரு பங்கு உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் மலைக்கு இந்தப் பக்கத்துச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தோம். அதற்குமுன் எங்களுக்கு வாய்த்திருந்த திருவிதாங்கூர், முதலில் தேவரோடுதான் நின்றது. 1759-இல் கும்பினித் தளபதி யூசுப்கான் களக்காட்டுச் சீமையைக் காட்டினார். உடனே அவர் பக்கம் போய் நின்றது. கொள்கை மாறியதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. களக்காடுதானே கொள்கை.

அந்த யூசுப்கான்தான் 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தவர். பிறகு எசமானர்களோடு முறைத்துக்கொண்டு 1764-இல் மதுரையில் தூக்கில் தொங்கினார். இன்று அவரும் விடுதலை வீரர். அடித்தவருக்கும் மாலை, அடிபட்டவருக்கும் மாலை. நம் மனசு அவ்வளவு விசாலம். அவர் கதையை மருதநாயகம் என்று 1997-இல் படமாக எடுக்கத் தொடங்கியபோது, தொடக்கவிழாவுக்கு இங்கிலாந்து ராணியே வந்தார். தூக்குப் போட்ட வீட்டார் துக்கம் விசாரிக்காவிட்டாலும் பூஜைக்காவது வந்தார்களே! படம்தான் இன்னும் வரவில்லை.

முதல் விடுதலை வீரர் யார் என்பதிலும் நாம் கஞ்சத்தனம் காட்டவில்லை. பூலித்தேவரும் முதல்வர், கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோனும் முதல்வர், கட்டபொம்மனும் முதல்வர். இரண்டாமிடம் காலியாகவே கிடக்கிறது, கேட்பாரில்லை.

ஆனாலும் நம் சாதனைகளில் தலையாயது படைப்பிரிவு. தேவருக்கு இந்த விஷயத்தில் விவரம் போதாது. ஒண்டிவீரனையும் வெண்ணிக் காலாடியையும் தன் படைக்குத் தளபதிகளாக வைத்துக்கொண்டார், இன்னார் என்ன சாதி என்று கணக்கெடுக்காமல். எதிரியின் பாளையத்துக்குள் இருட்டில் ஒளிந்திருந்த ஒண்டிவீரனின் கைமேல், தெரியாமல் குதிரைக்கு முளையடித்துவிட்டார்களாம். சத்தம் காட்டாமல் கையை வெட்டிக்கொண்டு எழுந்துபோய்ப் பீரங்கியை அவர்கள் பக்கமே திருப்பி வைத்தார் என்பது இந்தப் பக்கத்துக் கதை. குடல் சரிந்த காலாடி, தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றில் சுற்றிக்கொண்டு சண்டை போட்டு, தேவர் மடியில் உயிரை விட்டார் என்பது இன்னொன்று. ஒரே படையில் ஒரே களத்தில் நின்றவர்களை நாம் நேர்படுத்தியிருக்கிறோம். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரனுக்கு, செப்டம்பர் 1 தேவருக்கு. தனித்தனி நாள், தனித்தனிக் கொடி, தனித்தனி பந்தோபஸ்து. இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே தடையுத்தரவு. அந்த ஒன்றில் மட்டும் இருவரும் இன்னும் சேர்ந்திருக்கிறார்கள்.

1755-இல் கும்பினிக் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டை வாசலில் வந்து நின்று கப்பம் கேட்டார். பேரம் இறங்கி இறங்கி இருபதாயிரம் ரூபாய்க்கு வந்தது. வெள்ளைக்காரன் கையில் காசும் இல்லை, தானியமும் இல்லை என்பது உள்ளே இருந்த தேவருக்குத் தெரியும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன் என்று சொல்லியனுப்பினார். மண்மதிலைத் தகர்க்கப் பெரிய பீரங்கி இல்லாமல் கர்னல் மூட்டை கட்டினார். தேவர் படையைக் கலைக்கப் பீரங்கி எதற்கு, ஆளுக்கொரு ஜெயந்தி கொடுத்தால் போதுமே என்று அன்றைக்கு அவருக்கு எடுத்துச் சொல்ல நம்மில் ஒருத்தர்கூடப் பக்கத்தில் இல்லை.