பரணில் இருக்கும் லேப்டாப்புக்கு ஆய்வகத்தில் வேலை

கேள்வி: 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்புகள் பல இன்று பரணில் கிடக்கின்றன. பள்ளி ஆய்வகத்துக்கு அவை உதவுமா?
- அறிவியல் ஆசிரியர், தியாகதுருகம்

பதில்: தாராளமாக. படம் ஓட்டத் திணறும் லேப்டாப்புக்கும் காது கூர்மை! அதன் சவுண்ட் கார்டு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பலூனில் ஓர் எடைக்கல்லைக் கட்டி, கல்லின் அடிப்பக்கம் தரையிலிருந்து 122.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு பலூனை ஊசியால் குத்துங்கள். வெடித்த சத்தத்துக்கும் கல் தரையில் மோதிய சத்தத்துக்கும் இடைவெளி சுமார் அரை நொடி. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ மாணவர்களே கணக்கிடுவார்கள்.

வெப்பநிலை, மின்னழுத்தம் அளக்க வேண்டுமா? டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய ‘எக்ஸ்ப்ஐஸ்’ கருவியை யுஎஸ்பியில் செருகுங்கள். அதன் மென்பொருள் இலவசம், லினக்ஸிலும் ஓடும்.

இரண்டு எச்சரிக்கைகள்: உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். மைக் துளையில் வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

பழைய இரும்புக்குப் போடும் முன், அந்த லேப்டாப்பை ஒருமுறை மாணவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், ஐயா.