உரிமம் தருவது எப்படி? தில்லிக்கு ஒரு சிவகாசிக் கடிதம்

பெறுநர்: புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

பூமிக்கடியில் கிடக்கும் சூட்டை மின்சாரமாக்க 2025 செப்டம்பரில் தேசியக் கொள்கை வெளியிட்டீர்கள். அரசு நிலத்தில் துளைபோட யார் அனுமதி தருவது, எந்தப் படிவத்தில் தருவது என்றெல்லாம் இனி யோசிப்பீர்கள். எங்களைக் கேளுங்கள். 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் கீழ் பிழைக்கிற ஊர் இது.

முதலில், உரிமத்தை ஒரே மேசையில் வைத்துவிடாதீர்கள். எங்களிடம் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டிஆர்ஓ லைசென்ஸ், மத்திய வெடிபொருள் துறை அலுவலகங்கள் தரும் சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று உண்டு. ஏதாவது ஆகிவிட்டால் கேள்வியும் மூன்று திசையில் பிரிந்து போய்விடும்.

அடுத்து, அளவு. பட்டாசு ஆலை அறைச் சுவரில் அறை எண், ஆள் எண்ணிக்கை, மருந்தளவு எல்லாம் பெயின்டில் இருக்கும். நாலு பேர் என்றால் நாலு பேர்தான். மரத்தடிக்குச் சுவர் கிடையாது, எழுத இடமும் கிடையாது. அதனால் தீபாவளி நெருங்கினால் மருந்தும் ஆளும் வேப்பமரத்து நிழலுக்கு வந்துவிடும். சுவரில் எழுதியது மட்டும் அப்படியே சரியாக இருக்கும்.

உள்குத்தகையையும் மறந்துவிடாதீர்கள். உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் வேறு நாலு பேர் கையில். நீங்கள் துளைபோடும் கிணற்றையும் ஆழக்கணக்கில் பிரித்துவிடலாம்: மேல் நூறு அடி மச்சானுக்கு, கீழே உள்ளது மாமனுக்கு.

உரிமத்தை ரத்து செய்தால் போதாதா என்பீர்கள். எங்கள் ஊர் அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று வெடித்த பட்டாசு ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உத்தரவு கோப்பில் இருந்தது, ஆட்கள் அறையில் இருந்தார்கள். செத்தவர்கள் 40 பேர் வரை. இதில் பகடி செய்ய எனக்கு ஒன்றும் வரவில்லை, ஐயா.

உங்களுக்கும் ஒத்திகை நடந்துவிட்டது. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் ஓஎன்ஜிசி துளையிட்டபோது, 2022 ஆகஸ்டில், வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்தது. பூமிக்குப் படிவம் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

எனவே படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: உரிமத்தில் உள்ள பெயரும், இன்று அங்கே வேலை வாங்குகிறவர் பெயரும் ஒன்றுதானா? அந்தக் கட்டத்தை நாக்பூரிலோ தில்லியிலோ உட்கார்ந்து நிரப்ப முடியாது. வெயிலில் இறங்கி வரவேண்டும்.

படிவம் அச்சடிக்க எங்கள் ஊர் ஆப்செட் அச்சகங்கள் தயார். காலண்டர் சீசன் முடிந்ததும் எடுத்துக்கொள்வோம். முன்பணம் பாதி.

இப்படிக்கு,
சிவகாசிக்காரன்

நகல்: டிஆர்ஓ, சென்னை, நாக்பூர்.