காண்டீபர்

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் காண்டீபர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது. நல்ல மனிதர். ஆனால் அபூர்வமானவர் என்று சொல்ல முடியாது. பத்துத் தெருவுக்கு ஒரு காண்டீபர் எல்லா ஊரிலும் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பாகுபலி இரண்டு பாகத்தையும் தியேட்டரிலேயே பார்த்து முடித்து, விரலிடுக்கில் மூன்று அம்பு வைக்கும் காட்சியை வீட்டில் மூன்று பென்சிலை வைத்து ஒத்திகை பார்த்திருப்பார். வில்லுக்கு வருமுன் ஒரு கிடார், ஒரு டெலஸ்கோப், ஒரு கியர் சைக்கிள் மூன்றையும் கரையேற்றியிருப்பார். டெலஸ்கோப்பின் முக்காலியில் இப்போது துண்டு காய்கிறது.

காண்டீபரின் இலக்கணம் ஒரே வரிதான்: முதலில் வாங்குவார், அப்புறம் கற்றுக்கொள்வார்.

வில் வாங்க மூன்று மாதம் வீடியோ பார்த்தார். அந்த மூன்று மாதமும் அவரோடு காபி குடிக்க உட்கார்ந்தவர்கள் சர்க்கரை கரைவதற்குள் பாதி வில்லாளிகள் ஆனார்கள். "ரிகர்வுன்னா நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்சிருக்கும் சார். ஒலிம்பிக்ல இப்போதைக்கு அதுதான். எழுபது மீட்டர்ல நின்னு அடிக்கணும், நடுவுல பத்துப் பாயிண்ட் வட்டம் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம். காம்பவுண்டுல ரெண்டு முனையிலயும் கப்பி இருக்கும். 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல கலப்பு அணிக்கு அதுவும் வருது." சொல்வதெல்லாம் உண்மை. அதுதான் கஷ்டம். தவறாகப் பேசுகிறவரை மறுத்துவிட்டு எழுந்து போகலாம்.

கடைக்காரர் போனில் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "எத்தனை பவுண்டு சார்?" வில்லை முழுக்க இழுக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில்தான் சொல்வார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஐம்பதை ஒட்டி இழுக்கிறார்கள் என்று காண்டீபர் படித்திருந்தார். தன்னடக்கத்தோடு 44 என்றார்.

44 பவுண்டு என்றால் என்ன? 20 கிலோ. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு கையாலும் கட்டியணைத்துத் தூக்கக் கூடாது. மூன்று விரலால் இழுத்து, தாடைக்கடியில் கொண்டுவந்து, மூச்சு வாங்காமல், கை நடுங்காமல், நிதானமாகக் குறி பார்க்க வேண்டும். இதை ஒரு மாலையில் நூறு தடவை செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கேன் போடும் தம்பி ஒருவர்தான் எனக்குத் தெரிந்து அதற்குத் தகுதியானவர். அவருக்கு வில் வாங்கும் எண்ணம் இல்லை.

பெட்டி வந்தது. ஹாலில் பிரித்தார். நடுப்பிடிக்கு ரைசர் என்று பெயர். அதில் மேலொன்று கீழொன்றாக மாட்டும் பட்டைகளுக்கு லிம்ப் என்று பெயர். மாட்டிவிட்டார். நாண் பூட்ட ஸ்ட்ரிங்கர் என்று ஒரு கயிறு உண்டு. அதன் இரு முனையையும் லிம்ப் நுனிகளில் கோத்து, நடுவில் காலால் மிதித்து, பிடியைத் தூக்கினால் வில் பணிவாக வளைந்துகொடுக்கும். அந்த ஒன்றைத்தான் அவர் வாங்கவில்லை. வில்லைத் தொடைக்கிடையில் விட்டு, சோபாவில் முட்டுக் கொடுத்து, கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"ஏங்க, அது உங்களப் புடிச்சிருக்கா, நீங்க அதப் புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டபடியே காய்கறிக் கூடையோடு தாண்டிப் போனார் மனைவி.

எப்படியோ பூட்டியதும், அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடப் போனார். நல்லவேளை, அவ்வளவு தூரம் இழுக்க வரவில்லை. வெறும் நாணை விட்டால், அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுதும் வில்லுக்கே திரும்பும், லிம்ப் பிளந்துவிடலாம். ராமர் வில்லை முறித்தபோது கல்யாணம் கூடிவந்தது. அன்று ஹாலில் முறிந்திருந்தால் கூடிவந்த கல்யாணமே ஆட்டம் கண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனார், போட்டோ எடுக்க. ஏழாவது படிக்கும் அவர் மகளும் வந்தாள், பொழுது போகாமல். பயிற்சியாளர் இருபத்தைந்து வயதுப் பையன். அவனைத் "தம்பி" என்று அழைத்து வில்லைக் காட்டினார் காண்டீபர். அவன் வில்லைப் பார்க்கவில்லை.

"சார், ரெண்டு கையையும் நீட்டி, விரலுக்கு நடுவுல ஒரு முக்கோண ஓட்டை வைங்க. ரெண்டு கண்ணும் திறந்து அது வழியா அந்தக் கம்பத்தைப் பாருங்க. இப்ப இடது கண்ண மூடுங்க. கம்பம் இருக்கா?"

"காணோமே!"

"உங்களுக்கு இடது கண்ணுதான் சார் ஆளுது. நீங்க வாங்கியிருக்கறது வலது கைக்காரர் வில்லு."

மூன்று மாத ஆராய்ச்சி, ஒரு முக்கோண ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது.

"பரவால்ல சார், இடது கண்ண மூடிட்டு அடிக்கலாம். ஆனா 44 வேணாம். ஒரு மாசம் ரப்பர் பேண்ட் இழுங்க. அப்புறம் நம்ம மர வில்லு, இருபது பவுண்டு."

காண்டீபர் கேட்கவில்லை. ஆறு அம்போடு கோட்டில் நின்றார். மைதானத்தில் விசில்தான் சட்டம்: இரண்டு ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்தே பழகியவர் இதையாவது சரியாகச் செய்வார் என்று நம்பினேன், செய்தார். மற்றதெல்லாம் வேறு மாதிரி நடந்தது. கை நடுங்கியது, தோள் காதுவரை ஏறியது, இடுப்பு பின்னால் போனது. அம்பு புல்லுக்கடியில் பாம்புபோல் நுழைந்து மறைந்தது. நாண் இடது முன்கையின் உள்பக்கத்தில் பளாரென்று அறைந்தது. கைக்கவசம் பையில்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அறைந்த இடம் முதலில் சிவந்தது, மறுநாள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்கிறது. காண்டீபர் ஆறு அம்பில் ஒன்றையும் வீழ்த்தவில்லை. ஜீவகாருண்யத்தில் ஓரியைவிட ஒரு படி மேல்.

அம்புகளைத் தேடிப் புல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தோம். பக்கத்து இலக்கிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. திரும்பிப் பார்த்தால் மகள். பயிற்சியாளர் அவள் கையில் சாயம் போன ஒரு மர வில்லைக் கொடுத்து, பத்து மீட்டரில் நிறுத்தியிருந்தான். ஆறு அம்பில் நான்கு தாளில் நின்றன, ஒன்று மஞ்சளில்.

"அப்பா, இது ஈசியா இருக்குப்பா" என்றாள்.

காண்டீபர் அந்த வில்லை வாங்கிப் பார்த்தார். அடி லிம்பில் எழுதியிருந்தது: 16. அவர் முகத்தில் ஒரு கணம் ஓடியதை நான் போட்டோ எடுக்கவில்லை, நட்பு முக்கியம்.

மறுவாரம் அவர் ரப்பர் பேண்ட் இழுத்தார். "தம்பி" அதற்குள் "மாஸ்டர்" ஆகியிருந்தான். மாஸ்டர் அவருடைய கைகளை விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை டேப் வைத்தார்: எழுபது அங்குலம். இரண்டரையால் வகுத்தால் இருபத்தெட்டு. அவர் நாண் இழுக்கும் நீளம் அது. அம்பு அதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், குட்டையானால் கையைக் குத்தும். இவையெல்லாம் வாங்குமுன் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய கணக்குகள். இப்போது தாளே ஒட்டாத பலகையை ஐந்து மீட்டரிலிருந்து அடிக்கிறார், இருபது பவுண்டு மர வில்லில். தோள் இறங்கிவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது.

உங்களுக்கும் வில் ஆசை வந்தால் மூன்று மாதம் பயிற்சி மைதானத்து வில்லிலேயே அடியுங்கள். பிறகு லிம்பை மட்டும் கழற்றி மாற்றும்படியான வில்லாக வாங்குங்கள். தோள் தேறத் தேறப் பவுண்டை ஏற்றிக்கொள்ளலாம். இதற்கிடையில் யாராவது உங்களை அணுகி, 44 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி, புதுசு மாதிரி, ஆறே அம்புதான் அடித்தது, பாதி விலை என்று சொன்னால், அவருக்குக் காபி வாங்கிக் கொடுங்கள். லிம்பை வாங்கிவிடாதீர்கள்.