காப்ரி துள்ளலாமா? – கேள்வி பதில்

கேள்வி: லண்டனின் மனோர் பார்க் வாசகர் ஒருவர் 1978ஆம் ஆண்டின் ஃபோர்டு காப்ரி 3.0 காரை வாங்கியிருக்கிறார். மசில் கார் என்றாலே அமெரிக்க மஸ்டாங்தான் நினைவுக்கு வருகிறது; காப்ரியையும் அதே பந்தியில் உட்கார வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, அதன் வலிமை முழுவதையும் பின் சக்கரங்களுக்கு அனுப்பும் காரையே மசில் கார் என்கிறார்கள். 2994 சிசி வி6 எஞ்சின் கொண்ட காப்ரி அந்த இலக்கணத்துக்குள் அடங்கிவிடுகிறது. 1964இல் வெளிவந்த மஸ்டாங் அமெரிக்காவில் பெற்ற வரவேற்பைக் கண்டு, ஐரோப்பாவின் குறுகலான சாலைகளுக்கென ஃபோர்டு உருவாக்கி, 1969 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அறிமுகம் செய்த கார் அது. மனோர் பார்க் வாசகருக்கு இதில் உறவுமுறையும் உண்டு: எசெக்ஸ் வி6 என்று பெயர் பெற்ற அந்த எஞ்சின், கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள டாகன்ஹாம் ஆலையில் 1966 முதல் உருவானது, 1965 வரை மனோர் பார்க்கும் எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகவே இருந்தது. ஆகவே அவ்வூரின் ராம்ஃபோர்டு சாலையில் ஓடும் காப்ரி, பிறந்த வீட்டுத் தெருவில் நடமாடும் பெண்ணைப் போல உரிமையோடு ஓடலாம்.

கேள்வி: அதிர்ச்சியை வாங்குவது ஷாக் அப்சார்பர் என்றால், ஸ்பிரிங்குக்கு என்ன வேலை?

பதில்: குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். சாலையின் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவதால், ஒருமுறை ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதே ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் நகர்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பிதுங்கும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அதன் உடலைத் தொட்டால் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆங்கிலேயர் இதை டாம்பர், அதாவது அடக்கி, என்று அழைப்பது பொருளுக்கு நெருக்கமான பெயர். தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் வெறும் “ஷாக்” என்றாலே போதும்.

கேள்வி: கல்லைப் போல விறைப்பாக இருந்தால்தான் மசில் காருக்கு அழகு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கிடைப்பதிலேயே விறைப்பான ஷாக்கை வாங்கிவிடலாமா?

பதில்: கூடாது, காப்ரி வைத்திருப்பவர்கள் அதிகமாகப் பணத்தை இழப்பது இந்த ஒரு நம்பிக்கையால்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஷாக் இரண்டு திசைகளில் வேலை செய்கிறது. சக்கரம் மேட்டில் ஏறி ஸ்பிரிங் சுருங்கும்போது கொடுக்கும் எதிர்ப்பு ஒன்று. சுருங்கிய ஸ்பிரிங் விரியும்போது கொடுக்கும் எதிர்ப்பு இன்னொன்று. சாலைக் கார்களில் பொதுவாக இரண்டாவது எதிர்ப்பே அதிகமாக வைக்கப்படும். முதலாவது அளவுக்கு மீறினால், மனோர் பார்க்கின் வரிசை வீட்டுத் தெருக்களிலுள்ள ஒவ்வொரு வேகத்தடையும் நேராக இருக்கைக்கு வந்துசேரும். இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு விதிகள் வேகத்தடையின் உயரத்தை 25 முதல் 100 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டால், அந்த உதை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது விளங்கும். இரண்டாவது அளவுக்கு மீறினால் விளைவு மறைமுகமானது, ஆகவே கூடுதல் ஆபத்தானது. அடுத்தடுத்துப் பள்ளங்கள் வரும் இடத்தில், முதல் பள்ளத்திலிருந்து சக்கரம் பழைய நிலைக்கு இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஸ்பிரிங் முழுதும் விரிய நேரமில்லாமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் முட்டின் மேல் உட்கார்ந்துவிடும். ஓட்டுபவருக்கு அது விறைப்பாகத் தோன்றினாலும், அந்தக் கணத்தில் டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பு குறைந்திருக்கும். ஈரமான லண்டன் சாலையில், பின்புறம் எடை குறைந்த காப்ரிக்கு வேறெதையும்விட அந்தப் பிடிப்பே தேவை.

ஆகவே ஷாக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வண்டியில் இப்போது எந்த ஸ்பிரிங் இருக்கிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பல கை மாறிய காரில் ஆலை பொருத்திய ஸ்பிரிங்கே இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ஸ்பிரிங்கின் விறைப்பு 20 விழுக்காடு கூடியிருந்தால், அதே அளவு அடக்கத்துக்கு ஷாக்கின் எதிர்ப்பு சுமார் 10 விழுக்காடு கூடினால் போதும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முடிவு செய்ய முடியாதவர்களுக்கு, எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகை நல்லது. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் பழைய கார்களுக்காகச் செய்யும் சிவப்பு நிற ஷாக்கைக் கழற்றி, தண்டை முழுவதும் உள்ளே அழுத்தித் திருப்பினால் விரியும்போது தரும் எதிர்ப்பு கூடும். மிக மென்மையான நிலையிலேயே பொருத்தி, சில நாள் ஓட்டிப் பார்த்து, கார் தொடர்ந்து ஆடினால் மட்டும் ஒரு படி கூட்டுவதே முறை.

கேள்வி: எண்ணெய் ஷாக், கேஸ் ஷாக் – எது உயர்ந்தது?

பதில்: இரண்டிலும் எண்ணெய் இருக்கிறது, கேஸ் என்பது அந்த எண்ணெயை நுரைக்கவிடாமல் அழுத்தி வைத்திருக்கும் நைட்ரஜன். டீக்கடையில் ஆற்றி ஆற்றி ஊற்றிய டீயில் நுரை எழுவதைப் போல, வேகமாகத் துளைகளில் புகுந்து புறப்படும் எண்ணெயும் நுரைக்கிறது; நுரையில் காற்று இருப்பதால் பிஸ்டனுக்கு எதிர்ப்புக் கிடைப்பதில்லை, ஷாக் அந்த நேரத்துக்குச் செயலற்றுப் போகிறது. பழைய காப்ரிகள் பலவற்றில் இருந்தது இரட்டைக் குழாய் வகை: உள்குழாயில் பிஸ்டனும், வெளிக்குழாயில் மிஞ்சிய எண்ணெயும் இருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்போன் வகுத்த ஒற்றைக் குழாய் வகையில், மிதக்கும் இன்னொரு பிஸ்டனால் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைத்தார்கள்; பில்ஸ்டீன் நிறுவனம் அதை 1957இல் மெர்சிடஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது, 1981இல் வெளிவந்த காப்ரி 2.8 இன்ஜெக்‌ஷனில் ஃபோர்டே பில்ஸ்டீன் கேஸ் ஷாக்கைப் பொருத்தியது. வார இறுதியில் நெடுஞ்சாலையில் விரைவாகப் போகிறவருக்கு ஒற்றைக் குழாய் தகும். கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் காருக்கு இரட்டைக் குழாயே இதமானது. அதன் வெளிச்சுவரில் ஒரு கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தடையின்றி ஓடும், ஒற்றைக் குழாயில் அந்த ஒரு நசுங்கலே அதற்கு முடிவாகிவிடும்.

கேள்வி: பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் ஏறினால் கார் பின்னால் குந்திவிடுகிறது. புது ஷாக் போட்டால் நிமிருமா?

பதில்: நிமிராது. திருவாரூர்த் தேரின் எடையைச் சுமப்பவை அச்சும் சக்கரமும். முட்டுக்கட்டை போடுபவர் தேரின் போக்கை அடக்குகிறாரேயன்றி அதைத் தாங்குவதில்லை. ஷாக்கும் அப்படித்தான். காப்ரியின் பின்புறத்தைத் தாங்குவது கமான் பட்டைகள், அதாவது வில்லாக வளைத்த எஃகுப் பட்டைகள். அவை நாளடைவில் தளர்ந்து தட்டையாகியிருக்கலாம், ஒன்று முறிந்தும் இருக்கலாம். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சிக்னலில் பச்சை விழுந்து வேகமெடுத்தால் பின் சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றன. இதுவும் ஷாக்கின் குறையா?

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. எஞ்சினின் முறுக்குவிசை அச்சைத் திருக, கமான் பட்டை எஸ் எழுத்தைப் போல வளைந்து, தாங்க முடியாமல் விடுபட்டு மீண்டும் வளைவதே அந்தக் குதிப்பு. 1968இன் 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில், கையால் கியர் மாற்றும் வகைக்கு ஒரு பக்கத்து ஷாக்கை அச்சுக்கு முன்னும் மறுபக்கத்து ஷாக்கை அச்சுக்குப் பின்னும் சாய்த்துப் பொருத்தியது இதைத் தடுக்கத்தான். காப்ரியில், பட்டையின் கண்களிலுள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றும்வரை எந்த ஷாக்காலும் பயனில்லை.

கேள்வி: சென்னையிலுள்ள மைத்துனரின் காண்டெசாவுக்கும் இதே ஷாக்கை அனுப்பலாமா?

பதில்: வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் வடிவை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் விற்ற காண்டெசாவும் ஆங்கில வழி வந்ததே, ஆனால் அதன் குலம் வேறு. சுருங்கிய நீளம், விரிந்த நீளம், இரு முனைகளிலும் பொருத்தும் விதம் ஆகிய மூன்றும் பொருந்தாத ஷாக், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பொருந்தியதாகாது.

கேள்வி: 40 வயது கடந்த காருக்கு எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனை இல்லை என்கிறார்கள். பிறகு ஷாக் கெட்டுப்போனதை எப்படித்தான் அறிவது?

பதில்: 2018 மே 20 முதல், கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்பது உண்மை, ஆயினும் காரைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது, விரும்பினால் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கவும் தடையில்லை. ஷாக்கை மாற்றுவது பெரிய மாற்றமாகக் கருதப்படாது. சஸ்பென்ஷனின் வகையையே மாற்ற நினைப்பவர், அதாவது கமான் பட்டையைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங் வைக்க நினைப்பவர், விதிகளைப் படித்த பிறகே கை வைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், காரின் ஒரு மூலையை அழுத்தி விடலாம்: அது மேலெழுந்து, ஒருமுறை தாழ்ந்து நின்றுவிட வேண்டும். ஆனால் முற்றிலும் செத்துப்போன ஷாக்கைத்தான் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்தது இதில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க உள்ளங்கையை டயரின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். ரப்பர் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையைத் தட்டித் தட்டி ஓடியிருக்கிறது என்று பொருள். தண்டைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு. உடல் வழியே எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால், அந்த அச்சின் இரண்டு ஷாக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: முன்பக்க ஷாக்கை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா?

பதில்: பின்பக்க ஷாக்கைப் பொறுமையுள்ள எவரும் மாற்றலாம், முன்பக்கம் அப்படியல்ல. காப்ரியின் முன்புறம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தூணில் கோத்த அமைப்பு. பெருமளவில் தயாரான கார்களில் இதை முதலில் ஏற்றவற்றுள் 1950இல் அறிமுகமாகி டாகன்ஹாமில் உருவான ஃபோர்டு கான்சலும் ஸெஃபிரும் அடங்கும். சுருக்கி வைத்த அந்த ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறிக்கும் வலிமை உடையது என்பதால், நல்ல ஸ்பிரிங் சுருக்கி இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. தூணின் மேல்மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து கறுத்த பழைய எண்ணெய் வரும். அதைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டுப் புதிய உள்ளுறையை, அதாவது தூணுக்குள் அமரும் புது ஷாக்கை, இறக்குவதற்கு முன், குழாய்க்குள் சிறிது புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். உள்ளுறையின் சூட்டை வெளிக்குழாய்க்குக் கடத்துவது அந்த எண்ணெய்தான். அது இல்லாவிட்டால் இடையில் வெறும் காற்றே நிற்கும். இரட்டைக் குழாய் உள்ளுறை பெட்டியில் படுத்துக் கிடந்து வந்திருக்குமாதலால், அதை நிமிர்த்திப் பிடித்து, தண்டை நான்கைந்து முறை முழுதாக இழுத்து அழுத்தி, உள்ளே நுழைந்த காற்றை வெளியேற்றிய பிறகே மூடியை இறுக்க வேண்டும். இடையில் வழுக்கும் உணர்வு மறைந்து, தண்டு முதல் அங்குலத்திலிருந்தே ஒரே சீராக எதிர்த்து நிற்கத் தொடங்குவது கைக்கே தெரியும்.