வெயில் அளவையியல்: ஒரு சிறு குறிப்பு

வெயிலை அளக்கும் முறைகள் இரண்டு. முதல் முறையில் வெப்பமானியை வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்பது அதன் பெயர். சரிவாக அடித்த சட்டங்களின் வழியே காற்று உள்ளே போய்வரும். வெயில் மட்டும் விழாது. திருச்சிக்கு இத்தனை டிகிரி என்று செய்தியில் வருவது அந்தப் பெட்டி நிழலில் இருந்த காற்றின் சூடு. புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் தளத்துக்குக் கம்பி கட்டுகிறவருக்கு அந்த நிழல் கிடையாது. கையில் பிடித்த கம்பியே அவரைச் சுடும்.

இரண்டாம் முறை அவர் பக்கம் நின்று அளப்பது. 1950-களில் அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் தீவு முகாமில் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுக்க யாக்லூ, மினார்ட் இருவரும் 1957-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஈரத்திரி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்பு பூசிய செப்புக் குண்டுக்குள் ஒன்று, நிழலில் வெறுமனே ஒன்று. பத்துப் பங்கில் ஏழு ஈரத்திரிக்கு, இரண்டு கறுப்புக் குண்டுக்கு, ஒன்றே ஒன்று நிழல் காற்றுக்கு. ஈரத்திரிக்கு ஏழு கொடுத்ததில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. உடம்பு ஆறுவது வியர்வை காய்வதால். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. கோடை மழை பெய்த மறுநாள் புழுக்கத்தில், டிகிரி குறைந்திருந்தும் ஆள் விழுவது இதனால்தான்.

இந்தக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் அதன்படிதான் வேலை செய்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் அங்கே இந்த அளவு 32-ஐத் தொட்டால், கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். 33 என்றால் 15 நிமிடம். கத்தார் 2021-ல், 32.1-ஐத் தாண்டினால் வெளிவேலையையே நிறுத்தச் சொன்னது. அந்த விதி வந்த வழி கவனிக்கத் தக்கது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தோஹாவில் அலுவலகம் திறந்தது. கிரேக்கத்தின் தெசலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலையிடத்துக்கே போய்த் தொழிலாளர்களின் உடம்புச் சூட்டை அளந்தார்கள். பிறகு சட்டம் மாறியது. நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

சிங்கப்பூர் போன கொத்தனார் ஊர் திரும்பித் திருச்சி வயலூர் ரோட்டில் சாரம் ஏறினால், அந்தப் பத்து நிமிடம் மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவுதான், ஆனால் அந்தப் பணம் சாவுக்குப் பின் வருவது. வெப்ப அலை என்று அறிவிப்பதற்கும், சமவெளியில் வெப்பம் 40-ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்; இல்லையென்றால் 45-ஐத் தொட வேண்டும். மே மாத இயல்பே நாற்பதை நெருங்கி நிற்கும் திருச்சியில், கத்திரி முழுக்க ஆள் வெந்தாலும் வெப்ப அலை என்று ஒன்று வராமலே போகலாம்.

சித்தாள் பெண்களின் பாடு இன்னும் மோசம். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளை இதே அளவையைக் கொண்டு ஆராய்ந்து, 2024-ல் முடிவை வெளியிட்டது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதுமான ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு.

திருச்சி மாநகராட்சி பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை எழுதலாம்: கறுப்புக் குண்டு வைக்க வேண்டும், மணிக்கொரு முறை அளவைப் பலகையில் எழுத வேண்டும், 32 ஆனால் நிழலும் தண்ணீரும் பத்து நிமிட ஓய்வும், பெண்களுக்குக் கழிப்பறையும். இதை மேஸ்திரிகளுக்குச் சொல்லித்தர ஆள் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இந்த அளவைப் பார்த்து வேலை செய்து பழகியவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கத்திரி தொடங்குமுன் அவர்களைக் கூப்பிட்டால் போதும்.