நூர்பர்க்ரிங் முதலாளி

பெயர் எதற்கு? உங்கள் அடுக்குமாடியிலும் இப்படி ஒருவர் இருப்பார். பகலில் மென்பொருள் கம்பெனி, இரவு பிள்ளைகள் தூங்கியதும் ஐரேசிங். நிஜத்தில் ஓட்டுவது ஒரு பழைய வேகன்-ஆர். சென்னை ஓ.எம்.ஆரில் நாற்பதைத் தாண்டமாட்டார். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார். ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஃபெராரி 296, போர்ஷே 911, பி.எம்.டபிள்யூ எம்4 எல்லாம் அவருக்குச் சொந்தம். பெல்ஜியத்தில் ஸ்பா, இத்தாலியில் மோன்சா, ஜப்பானில் சுசூகா என்று ஊர் ஊராக ட்ராக்கும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

ஐரேசிங் என்பது 2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டு. சந்தா கட்டினால் மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற சில கார்களும் லகுனா செகா போன்ற சில ட்ராக்குகளும் இனாம். மற்றதெல்லாம் தனித்தனியாகக் காசு. கார் ஒன்று ஏறக்குறைய 12 டாலர், பெரிய ட்ராக் என்றால் 15 வரை போகும். வருஷத்துக்கு நான்கு சீசன், சீசனுக்கு 12 வாரம், பெரும்பாலான பந்தயங்களில் வாரம் ஒரு ட்ராக். அந்த வாரத்து ட்ராக் கையில் இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். (இப்போது மட்டும் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். கோபம் வரும்.)

மூன்று சேர்த்து வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி, ஆறு வாங்கினால் 15. அவருக்கு வேண்டியது இரண்டு. தள்ளுபடிக்காக மூன்றாவதைச் சேர்ப்பார். மூன்று ஆனபின், ஆறுக்கு இன்னும் மூன்றுதானே!

“ஏங்க, கார்டுல என்னமோ டாலர்ல போயிருக்கு?”

“செலவு இல்லம்மா, மிச்சம் பிடிச்சிருக்கேன்.”

சந்தா நின்றுபோனால் வாங்கிய எதையும் ஓட்ட முடியாது. பத்திரம் இவர் பேரில், வாசல் சாவி மட்டும் ஐரேசிங் கம்பெனியிடம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், உடனே பேச்சை டயர் சூட்டுக்கு மாற்றிவிடுவார்.

தோற்றால் குற்றம் எப்போதும் காரின்மேல்தான். “ஃபெராரி இந்த ட்ராக்குக்கு ஆகாது சார், போர்ஷேதான் சரி.” அடுத்த வாரம் போர்ஷே. அதற்கடுத்த வாரம், “பி.எம்.டபிள்யூவுக்கு மேடு பள்ளம் தெரியாது சார்.” இவையெல்லாம் ஜி.டி.3 என்ற ஒரே வகைக் கார்கள். அவற்றின் எடையையும் இன்ஜின் சக்தியையும் கூட்டிக் குறைத்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்படி ஐரேசிங் கம்பெனியே சமன்செய்து வைத்திருக்கிறது. எதை வாங்கினாலும் இவர் அதே பதினேழாவது இடத்தில்தான் வருவார். ஓசி மாஸ்டாவிலேயே ஒரு வருஷம் உருண்டிருந்தால் இந்நேரம் வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்றாவது தெரிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரேக் என்றதும் நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டரோடு இணைத்த பெடலை அழுத்தி மிதித்தால், கார் நிற்பதற்குள் அவர் உட்கார்ந்திருக்கும் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடி பீரோவில் முட்டும். இப்போது நாற்காலிச் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் திணித்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வாசலில் செருப்பைத் தேடிவிட்டு அந்த அறையைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

அவர் சொத்துகளிலேயே பெரியது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே. 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். லேசரால் அளந்து, ரோட்டின் ஒவ்வொரு மேட்டையும் அப்படியே இறக்கியிருக்கிறார்கள். தீபாவளி போனஸில் வாங்கினார். முதல் ஐந்து கிலோமீட்டர் அவருக்கு மனப்பாடம். மீதியை இன்னும் பார்த்ததில்லை. வேலியில் மோதிய காரைப் பார்த்தபடி, “என்ன டீட்டெயில் பாருங்க சார், வேலிகூட நிஜம் மாதிரி இருக்கு” என்பார். அந்த வேலியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் உலகத்தில் குறைவு.

புது சீசன் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் தொடங்கும். ஜூனில் பள்ளிக் கட்டணம் வேறு சேர்ந்துகொள்ளும். அவரிடம் கைமாற்று கேட்கும் உத்தேசம் இருந்தால், தயவுசெய்து மே மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.