மூன்று உடல் படகு

கேள்வி: வீட்டிலேயே பிளைவுட்டில் சிறிய பாய்மர டிரைமரான் ஒன்று கட்ட உத்தேசித்திருக்கிறேன். தங்கள் அபிப்பிராயம்?
— மும்பை மாதுங்கா வாசகர்

பதில்: நம் கட்டுமரத்தை வெள்ளைக்காரர் 'கேட்டமரான்' ஆக்கி இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட, உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செச்செட் என்பவர் அதன் வாலை மட்டும் நறுக்கி 'டிரை'யோடு ஒட்டினார்; ஆக, மரம் மிஞ்சியது, கட்டு அவிழ்ந்தது. நடு உடலுக்கு இருபுறமும் மிதவைகள் அகன்று நிற்பதால்தான், அடியில் ஈயப் பாரம் இல்லாமலே அது காற்றை எதிர்த்து நிமிர்ந்து ஓடுகிறது. அந்த அகலமே மாதுங்கா அறைக்குப் பரம விரோதி. ஆகவே மிதவைகளை இணைக்கும் குறுக்குக் கைகளைக் கழற்றும்படி அமையுங்கள். முதலில் அளக்க வேண்டியது காற்றின் வேகத்தையன்று, தங்கள் மாடிப்படியின் திருப்பத்தை! ஜூன், ஜூலை மழைக்காலத்தில் வெள்ளோட்டம் வேண்டாம். அம்மாதங்களில் தங்கள் ஊர்க் கோலி மீனவர்களே படகைக் கரையேற்றிவிடுகிறார்கள்.